சினைப்பை, கருப்பை: இரண்டும் தனித்தனி முடிவு (கேள்வி பதில்)

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்த பெண்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுக்கான அறுவை சிகிச்சைதான் என் துறை. அதற்கு வெளியே உள்ளதை உரிய டாக்டரிடம் கேட்கச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: வயது 41. கீமோவும் கதிர்வீச்சும் முடிந்து ஒரு வருடம் ஆகிறது. ரத்தப் பரிசோதனையில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணு மாற்றம் என்று வந்திருக்கிறது. சினைப்பையை எடுக்கச் சொல்கிறார்கள். மார்பில் வந்த நோய்க்கு வயிற்றில் ஏன் ஆபரேஷன்?

பதில்: உங்களுக்கு மார்பில் நோய் வரக் காரணமாக இருந்த அதே குறை சினைப்பையிலும் கருக்குழாயிலும் இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களின் வேலை, செல்லுக்குள் டி.என்.ஏ. உடையும்போது அதைச் சரிசெய்வது. அந்த வேலை கெட்டுப்போனால் மார்பு, சினைப்பை இரண்டுமே ஆபத்தில் இருக்கும். பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் சினைப்பைப் புற்று வரும். பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள நூறு பேரில் 80 வயதுக்குள் சுமார் 44 பேருக்கு வருகிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்றால் சுமார் 17 பேர்.

'வருடா வருடம் ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதாதா' என்று அடுத்து கேட்பீர்கள். போதாது, அம்மா. சாதாரண ஆபத்து உள்ள இரண்டு லட்சம் பெண்களை வைத்து பிரிட்டனில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. சிஏ-125 ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் செய்தும் சினைப்பைப் புற்றால் இறப்பது குறையவில்லை. உங்களைப் போன்றவர்களுக்கும் ஆபரேஷனுக்கு ஈடாக நம்பக்கூடிய பரிசோதனை எதுவும் இல்லை. அதனால்தான் பி.ஆர்.சி.ஏ.1 உள்ளவர்களுக்கு 35 முதல் 40 வயதுக்குள்ளும், பி.ஆர்.சி.ஏ.2 உள்ளவர்களுக்கு 40 முதல் 45 வயதுக்குள்ளும் எடுக்கச் சொல்கிறோம். எடுத்தால் ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைகிறது. முழுதாகப் போவதில்லை. வயிற்றின் உட்சவ்வில் அபூர்வமாக அதே வகைப் புற்று வரலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கருக்குழாயின் விரல் போன்ற நுனியில்தான் தொடங்குகிறது. ஆகவே இரண்டு சினைப்பைகளோடு இரண்டு குழாய்களும் முழுதாக வெளியே வர வேண்டும். நோய்க்குறியியல் டாக்டர் அந்த நுனியை மெல்லிய துண்டுகளாக வெட்டி, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். வெளிப்பார்வைக்கு நன்றாக இருக்கும் குழாய்க்குள் ஆரம்பப் புற்று ஒளிந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: வயது 46. மரபணு டெஸ்ட் எடுக்கவில்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லை. பயத்தில் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன்.

பதில்: முதலில் டெஸ்ட். மாற்றம் எதுவும் இல்லை, குடும்பத்திலும் இல்லை என்றால் பெரும்பாலும் உங்கள் ஆபத்து மற்ற பெண்களுடையதுதான். அதற்காகச் சினைப்பையை இழந்தால் எலும்பும் இதயமும் விலை கொடுக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் கட்டி ஹார்மோனால் வளரும் வகை என்றால், சினைப்பையின் வேலையை நிறுத்துவதே மார்புக்கான சிகிச்சை ஆகலாம். இது பழைய அறிவுதான். கிளாஸ்கோவில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், சினைப்பையை எடுத்தபின் முற்றிய மார்பகப் புற்று சுருங்கியதை 1896இலேயே எழுதிவிட்டார். இன்று அதை மாத ஊசியாலும் செய்யலாம். உங்களுக்குச் சொன்னது தடுப்புக்கா, சிகிச்சைக்கா என்று புற்றுநோய் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

கேள்வி: குழந்தை பெற்று முடித்தாயிற்று. சினைப்பையோடு கருப்பையையும் எடுத்துவிடலாமா?

பதில்: இது வேறு கேள்வி. பி.ஆர்.சி.ஏ. மட்டும் இருந்தால் கருப்பையை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பி.ஆர்.சி.ஏ.1இல் ஒரு வகைக் கருப்பைப் புற்று சற்றே கூடுகிறது, அவ்வளவுதான். கருப்பைப் புற்றைக் கூட்டும் பரம்பரைக் குறைகளான லிஞ்ச் நோய்க்குறி, பி.டி.இ.என். மரபணு மாற்றம், அல்லது தொந்தரவு தரும் நார்க்கட்டி, ஓயாத உதிரப்போக்கு இவை இருந்தால் எடுப்பதைப் பேசலாம். பி.ஆர்.சி.ஏ.1 மாற்றம் உள்ள ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015இல் சினைப்பைகளையும் குழாய்களையும் மட்டுமே எடுத்துக்கொண்டார், கருப்பையை வைத்துக்கொண்டார். லேப்ராஸ்கோப்பியில் சினைப்பை எடுத்தால் ஓரிரு வாரத்தில் நடமாடிவிடலாம். கருப்பையும் சேர்ந்தால் உடல் தேற ஆறு வாரம் போல ஆகும்.

கேள்வி: எனக்கும் பி.ஆர்.சி.ஏ.2. கர்ப்பப்பையையும் சேர்த்தே எடுக்கலாமா?

பதில்: மேலே உள்ள பதிலேதான்.

கேள்வி: ஒரே மயக்கத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டால் நல்லதுதானே?

பதில்: மயக்கம் ஒன்றுதான், ஆனால் ஆபரேஷன் பெரிதாகிறது. சிறுநீர்க்குழாய் பக்கத்திலேயே போகிறது. காரணம் இருந்தால் செய்யலாம். சும்மா இருக்கிறதே என்பது காரணம் ஆகாது. தயவுசெய்து இதை இன்னொரு முறை கேட்காதீர்கள்.

கேள்வி: கேட்கத்தான் போகிறேன், டாக்டர். மார்பகப் புற்று திரும்பாமல் இருக்க நான்கு வருடமாக டமாக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறேன். மாதவிடாய் நின்று ஆறு வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஸ்கேனிலும் கருப்பை உள்வரி தடித்திருக்கிறது என்கிறார்கள். மூன்று முறை பயாப்ஸி. ஒவ்வொரு முறையும் முடிவு வரும்வரை தூங்கவில்லை. அன்றே எடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். இது காரணம் இல்லையா?

பதில்: காரணம்தான். நான் கறாராகச் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் உங்களுக்கு நடந்ததைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். இடையில் உதிரம் பட்டதா?

அதே சகோதரி: இல்லை, ஒரு சொட்டுகூட இல்லை.

இன்னொரு சகோதரி: நான் எடுத்தேன். இப்போது இருமினால் சிறுநீர் கசிகிறது. நிம்மதி என்று எளிதாகச் சொல்லாதீர்கள்.

டமாக்சிஃபென் சாப்பிடும் சகோதரி: கசிவோடு வாழலாம். பயத்தோடு முடியவில்லை.

பதில்: இருவர் சொல்வதும் உண்மை. எண்களை வைக்கிறேன். டமாக்சிஃபென் சாப்பிடும் ஆயிரம் பேரில் வருடத்துக்குச் சுமார் இரண்டு பேருக்குக் கருப்பைப் புற்று வருகிறது. சாப்பிடாத ஆயிரம் பேரில் சுமார் ஒருவர். மாதவிடாய் நின்றவர்களிடம்தான் இந்த ஏற்றம் தெரிகிறது. அடுத்தது, இந்த மாத்திரை உள்வரிக்குக் கீழே இருக்கும் திசுவை வீங்க வைக்கும். ஸ்கேனில் அது தடிப்பாகத் தெரியும். அதனால்தான் உதிரம் படாதவர்களுக்கு வழக்கமாக ஸ்கேன் எடுக்க வேண்டாம் என்கிறோம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது பெரும்பாலும் அந்த ஸ்கேன்தான். ஆனால் மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அதே வாரம் டாக்டரிடம் போக வேண்டும். இதில் எனக்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

இன்னொரு வழியும் உண்டு. மாதவிடாய் நின்றவர்கள் டமாக்சிஃபெனுக்குப் பதில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைக் குறைக்கும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளுக்கு மாறலாம். அவை கருப்பைப் புற்றைக் கூட்டுவதில்லை, எலும்பைத்தான் கவனிக்க வேண்டும். சினைப்பையை எடுத்தவர்களுக்கும் இதே வழி திறக்கிறது. ஆக, மருந்துக்குப் பயந்து கருப்பையை எடுப்பதற்கு முன் மருந்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இவ்வளவும் தெரிந்த பிறகும் எடுத்தால்தான் நிம்மதி என்று ஒரு பெண் சொன்னால், நான் செய்து தருவேன்.

கேள்வி: 38 வயதில் சினைப்பையை எடுத்து, திடீரென்று மாதவிடாய் நின்றுபோனால் உடம்பு தாங்குமா?

பதில்: தாங்கும், ஆனால் லேசாக இருக்காது. இயல்பாக நிற்கும்போது வருடக்கணக்கில் நடப்பது ஒரே நாளில் நடக்கிறது. உடல் கொதிப்பு, தூக்கமின்மை, பிறப்புறுப்பு வறட்சி எல்லாம் வரலாம். உங்கள் புற்றுநோய் டாக்டர் ஒப்புக்கொண்டால், முதலில் சில மாதம் சினைப்பையை உறங்கவைக்கும் ஊசி போட்டுப் பாருங்கள். ஊசியை நிறுத்தினால் உங்கள் வயதில் பெரும்பாலும் பழைய நிலை திரும்பும். ஆபரேஷனுக்குப் பின் திரும்ப வழியில்லை.

மாதவிடாய் நின்றதை ஈடுகட்டக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை வேண்டாம். மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை, நோய் திரும்பி வருவது கூடியதால் 2003இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். கொதிப்புக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் என்ற ஹார்மோன் அல்லாத மருந்துகள் உதவும். டமாக்சிஃபென் சாப்பிடுபவர்கள் பராக்செடின், ஃப்ளூவாக்செடின் என்ற மனச்சோர்வு மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். அவை அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

கேள்வி: என் மனைவி பயப்படுகிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: சம்மதிக்க வைக்காதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டு, அந்தக் கேள்வியோடு அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: மரபணு ரிப்போர்ட்டில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று இருக்கிறது. எடுக்கலாமா?

பதில்: அதை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது. குடும்ப வரலாற்றோடு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

கேள்வி: அப்பா வழி அத்தைக்குத்தான் சினைப்பைப் புற்று. அது கணக்கில் வராதே?

பதில்: வரும். அப்பாவுக்கு மாற்றம் இருந்தால் அவரிடமிருந்தும் அது உங்களுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

கேள்வி: வயது 29, பி.ஆர்.சி.ஏ.2, கீமோ தொடங்கப் போகிறார்கள்.

பதில்: சினைப்பையை எடுக்க இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் குழந்தை வேண்டும் என்றால் கருமுட்டையைச் சேமிப்பது பற்றி இன்றே கேளுங்கள், கீமோவின் முதல் ஊசிக்கு முன்னால்.

கேள்வி: மார்பை மீண்டும் அமைக்க எது நல்ல முறை?

பதில்: பிளாஸ்டிக் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பி.ஆர்.சி.ஏ.1, வயது 44. கருப்பையையும்...

பதில்: மேலே பாருங்கள், அம்மா.

கேள்வி: முதலில் கேட்டவள்தான் நான். தேதி குறித்துவிட்டார்கள். போகும் முன் என்ன கேட்க வேண்டும்?

பதில்: குழாய்களும் முழுதாக வருமா, நுனியை முழுவதும் வெட்டிப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். உள்ளே புற்று கண்டால் அடுத்து என்ன என்பதையும் இப்போதே கேட்டு வையுங்கள். எலும்பு அடர்த்தி டெஸ்ட்டை ஆபரேஷனுக்கு முன் ஒருமுறை எடுத்துக்கொண்டால் பின்னால் ஒப்பிட உதவும். அப்புறம், நோய்க்குறியியல் ரிப்போர்ட்டின் ஒரு நகலை வாங்கி வீட்டில் பத்திரமாக வையுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் தங்கைக்கும் அது ஒருநாள் தேவைப்படலாம்.