வில்லோ விறகைச் சேமிப்பது எப்படி? சில்லாக்கி வைக்கலாமா, முழுசாகவே வைப்பதா?

ஸ்வீடனில் உங்கள் பண்ணையில் வில்லோ வளர்க்கிறீர்கள். அறுவடை செய்ததுமே சில்லாக்கி, அதாவது இயந்திரத்தில் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, கொட்டகையில் குவித்துவிட்டால் அடுத்த குளிர்காலம் வரை தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்காது. முழு விளாராகவே அடுக்கி வையுங்கள், எரிக்கப் போகிற சமயத்தில் சில்லாக்கிக்கொள்ளுங்கள். முதலிலேயே சில்லாக்கித்தான் ஆகவேண்டும் என்றால் சில வாரங்களுக்குள் எரித்துத் தீர்த்துவிடுங்கள். நான் இங்கே, விறகு எரித்து ஊருக்கு வெப்பம் தருகிற ஒரு வெப்ப ஆலையின் எரிபொருள் களத்தில் வேலை பார்க்கிறேன். வில்லோ, காட்டுக் கழிவு, மரப்பட்டை என்று எல்லாம் எங்கள் களத்துக்கு வரும். இவற்றில் குவித்து வைத்தால் சீக்கிரம் கெடுகிற சரக்கு வில்லோ.

மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. கிரிக்கெட் மட்டை செய்கிற வில்லோவுக்கு இது சொந்தம்தான், ஆனால் இது புதர் வகை. ஹெக்டேருக்குப் பன்னிரண்டாயிரம் குச்சிக்குக் குறையாமல் நட்டு, மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை தரையை ஒட்டி வெட்டுவார்கள். தூரிலிருந்து மறுதாம்பு கிளம்பிவிடும். இலை உதிர்ந்த பிறகு, நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில்தான் அறுவடை. தரை உறைந்திருந்தால் இயந்திரம் புதையாது, இலையின் சத்தும் வயலிலேயே தங்கிவிடும். அன்றைக்கு விளாரின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

வெட்டும்போதே சில்லாக்கி வண்டியில் ஏற்றும் இயந்திரங்கள்தான் இங்கே அதிகம். அதைப் பார்த்து நாமும் அப்படியே செய்யலாம் என்று தோன்றும். ஆனால் அந்தச் சில்லு போகிற இடத்தைக் கவனியுங்கள். என்ஷெப்பிங் நகரத்தில் கழிவுநீர் பாய்ச்சி சுமார் 75 ஹெக்டேரில் வில்லோ வளர்க்கிறார்கள், அது அந்த ஊர் வெப்ப மின் ஆலைக்கே போகிறது. இப்படிப்பட்ட ஆலைகள் பலவற்றில் புகையைக் குளிர்வித்து, நீராவியோடு போகிற வெப்பத்தையும் மீட்டுக்கொள்ளும் அமைப்பு உண்டு. அதனால் ஈரச் சரக்கு அவர்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. அதோடு, அறுவடை மாதமும் வெப்பம் தேவைப்படுகிற மாதமும் ஒன்றே என்பதால் அவர்கள் சேமிப்பதே குறைவு. பண்ணையில் இருக்கும் சிறு கொதிகலனில் இந்த வசதி எதுவும் இல்லை. அதற்கு 30 சதவீதத்துக்கு உள்ளே ஈரம் இருந்தால்தான் ஒழுங்காக எரியும்.

சரி, குவியலுக்குள் என்னதான் நடக்கிறது? வெட்டிய பிறகும் மரத்தின் உயிரணுக்கள் கொஞ்ச நாள் உயிரோடு இருந்து, சர்க்கரையைக் கரைத்துச் சுவாசிக்கும். பின்னாலேயே பாக்டீரியாவும் பூஞ்சையும் வந்துவிடும். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே சூடேறுமே, அதே கதைதான். சில நாளிலேயே குவியலின் நடுப்பகுதி 60 டிகிரியைத் தாண்டிவிடும். வில்லோ இளம் விளார் என்பதால் பட்டையின் பங்கு அதிகம். பட்டையில்தான் பூஞ்சைக்குத் தீனி அதிகம். அந்தச் சூட்டைப் பார்த்து "நன்றாகக் காய்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குவியலில் எரிந்துகொண்டிருப்பது உங்கள் விறகு. அந்த வெப்பம் உங்கள் வீட்டுக்கு வராது.

கணக்குப் போட்டால் தெளிவாகத் தெரியும். பாதி ஈரமுள்ள 100 டன் வில்லோவை அன்றே எரித்தால் சுமார் 220 மெகாவாட் மணி கிடைக்கும். அதையே சில்லாக்கி ஆறு மாதம் குவித்து வைத்தால், மாதத்துக்கு இரண்டரை சதவீதம் என்று பார்த்தாலும் மரத்தின் உலர் எடையில் 15 சதவீதம் போய்விடும். இதற்குள் ஈரம் 40 சதவீதத்துக்கு இறங்கினாலும் மிஞ்சுவது 200 கூட இல்லை. முழு விளாராகவே அடுக்கிக் கோடை முழுக்கக் காற்றில் விட்டால் ஈரம் 30 சதவீதத்துக்கு வரும், சேதம் மிகக் குறைவு. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 230க்கு மேல் நிற்கும்.

எங்கள் களத்தில் பழைய குவியலை அள்ளும் இயந்திரத்தால் வெட்டித் திறக்கும்போது அடுக்கடுக்காகத் தெரியும். மேலே ஒரு முழ ஆழத்துக்குக் கறுத்து, சொதசொதவென்று இருக்கும். நடுவிலிருந்து கிளம்பிய ஆவி அங்கே வந்துதான் மறுபடி தண்ணீராகிறது. அதற்குக் கீழே சாம்பல் பூத்த மாதிரி வெள்ளைப் படலம், முழுக்கப் பூஞ்சை. அதற்கும் உள்ளே பழுப்பு நிறத்தில் காய்ந்த சில்லு, கையில் பிடித்தால் எடையே இருக்காது. இந்த மூன்றும் கலந்து கொதிகலனுக்குப் போனால் தீ ஒரே சீராக எரியாது.

விளாரை அடுக்கும்போது காற்றோட்டமான மேட்டு இடம் பாருங்கள். அடியில் குறுக்குக் கட்டை போட்டுத் தரையில் படாமல் வையுங்கள். மேலே மூடவே தேவையில்லை. மழைத் தண்ணீர் விளாரின் மேலாகவே வழிந்து போய்விடும், காற்று உலர்த்திவிடும். இலையுதிர்கால மழை பிடிப்பதற்குள் சில்லாக்கிக் கூரைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். முழு விளாரை வெட்டுகிற இயந்திரம் கிடைக்காவிட்டால் இன்னொரு வழி உண்டு. கரும்பு வெட்டும் இயந்திரத்தை மாற்றியமைத்து வில்லோவை விரல் நீளத்திலிருந்து சாண் நீளம் வரை துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். அந்தத் துண்டுகளுக்கு நடுவே காற்று புகும், சில்லு அளவுக்குச் சூடேறாது. எனக்கு இது நல்ல நடுவழியாகவே படுகிறது.

சில்லாகத்தான் வைக்க முடியும் என்றால், கத்தி கூராக இருக்கட்டும், சில்லு பெரிதாக இருக்கட்டும். மண்தரையில் கொட்டாதீர்கள். குவியல் மேல் டிராக்டர் ஏற்றி அமுக்கவே கூடாது. ஈரச் சரக்கையும் காய்ந்ததையும் ஒரே குவியலில் கலக்காதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே வேர்த்து மேல்பகுதி அழுகும். மழையைத் தடுத்து ஆவியை வெளியே விடுகிற துணி கிடைக்கிறது, அதைப் போடுங்கள். தானியம் உலர்த்தும் காற்றோட்டத் தரை உங்கள் பண்ணையில் இருந்தால் அதிர்ஷ்டம், அதிலேயே பரப்பிக் காற்று அடிக்கலாம்.

கடைசியாகச் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூசணம் பிடித்த சில்லைக் கிளறும்போது பறக்கிற தூளில் அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகளின் வித்து கோடிக்கணக்கில் இருக்கும். சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சல், இருமல், மூச்சிரைப்பு வரும். ஃப்ளூ என்று நினைத்து விட்டுவிட்டு மறுபடி மறுபடி அதிலேயே வேலை செய்தால் நுரையீரல் நிரந்தரமாகப் பாதிக்கப்படும். நுண்ணிய தூளையும் தடுக்கிற பி-3 வடிகட்டி வைத்த முகமூடி இல்லாமல் பழைய குவியலைத் தொடாதீர்கள். மூடிய கிடங்கு என்றால் இன்னும் ஆபத்து. சேமித்த மரம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு கார்பன் மோனாக்சைடை வெளியிடும். 2006இல் ஹெல்சிங்போரி துறைமுகத்தில், மரத்தூள் உருண்டை ஏற்றி வந்த கப்பலின் படிக்கட்டு வழியில் இறங்கிய மாலுமி ஒருவர் இப்படித்தான் இறந்துபோனார். கதவைத் திறந்து நன்றாகக் காற்று போகவிட்டு, வாயு அளக்கும் கருவியில் பார்த்த பிறகே உள்ளே போங்கள், அதுவும் வெளியே ஒரு ஆளை நிற்க வைத்துவிட்டு.

அப்புறம், ஈரத்தைக் கையால் தொட்டு முடிவு செய்ய வேண்டாம். அடுக்கின் நாலைந்து இடத்திலிருந்து விளார் உருவி, துண்டாக்கி எடை போட்டு, 105 டிகிரி அடுப்பில் எடை மேலும் குறையாத வரை வைத்து, மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையை முதல் எடையால் வகுத்தால் ஈரப்பதம் வந்துவிடும். ஆகஸ்டில் ஒருமுறை பார்த்து 30க்குக் கீழே இருந்தால், சில்லாக்கும் இயந்திரத்துக்கு அப்போதே சொல்லி வைத்துவிடலாம்.