ரோபோ வரைபவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: புதிதாக வரையத் தொடங்கிய சிலர் தங்கள் ரோபோ ஃபேன் ஆர்ட்டை (பிடித்த கதாபாத்திரத்தை ரசிகர்களே வரையும் படம்) என்னிடம் காட்டிக் கருத்து கேட்கிறார்கள். ‘சூப்பர்’ என்று மட்டும் சொன்னால் அவர்களுக்குப் பயனில்லை, குறைகளை அடுக்கினால் முகம் வாடிவிடுகிறது. எப்படித்தான் சொல்வது?

பதில்: எதுவும் சொல்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: “இதுல எந்த இடம் உனக்கே திருப்தியா இல்ல?” பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள், கை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது, நிற்கிற நிலை விறைப்பாக இருக்கிறது என்று. அந்த ஒன்றுக்கு மட்டும் வழி சொல்லுங்கள். உங்கள் கண்ணில் பத்துக் குறை பட்டிருக்கலாம், மற்ற ஒன்பதும் காத்திருக்கட்டும். பத்தையும் ஒரே மூச்சில் கேட்டவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

அவர்களுக்கே தெரியவில்லை என்றால் அடிப்படை வடிவத்தைப் பாருங்கள். புதிதாக வரைபவர்கள் பலர் போல்ட், தகட்டுக் கோடு, பளபளப்பு என்று மேல் வேலையில் மூழ்கிவிடுகிறார்கள், அடியில் இருக்கிற பெட்டியும் உருளையும் கோணலாக இருப்பதைக் கவனிப்பதில்லை. அங்கே “பெர்ஸ்பெக்டிவ் சரியில்லை” (பார்க்கிற கோணத்துக்கு ஏற்ப வடிவம் அமையவில்லை) என்று மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “உன் ரோபோ பிரம்மாண்டமா தெரியணும்னா நாம அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம்னு வச்சுக்கோ. அப்போ கண்மட்டம் அதன் பாதத்துக்குப் பக்கத்தில் வந்துடும். அதுக்கு மேலே இருக்கிற கை, இடுப்பு வளையமெல்லாம் புருவம் மாதிரி மேல்நோக்கி வளையும், உயரே போகப்போக அந்த வளைவு கூடும்.” நீங்கள் சொன்னதை வைத்து அவர் அடுத்த நிமிடமே பென்சிலை எடுக்க முடிய வேண்டும், நல்ல கருத்துக்கு நான் வைத்திருக்கிற அளவுகோல் அவ்வளவுதான்.

மூட்டும் அப்படித்தான். “முழங்கை தப்பு” என்பதற்குப் பதில், “இந்தக் கை மடங்கினால் இந்தத் தகடு எங்கே போகும்?” என்று கேளுங்கள். அவரே இடைவெளி விட்டு, நடுவில் ஒரு கீல் வைத்து வரைந்துவிடுவார்.

பாராட்டையும் குறிப்பாகச் சொல்லுங்கள். தோள் அகலமாக இருப்பதால் கனமான இயந்திரம் என்று பார்த்ததுமே தெரிகிறது என்றால், அடுத்த படத்திலும் அவர் அதை விடமாட்டார். அப்புறம், தயவுசெய்து அவர் படத்தின் மேலேயே திருத்தி வரையாதீர்கள். அவர் சரி என்றால் வேறு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்கெனவே உள்ள படத்தைப் பார்த்து அப்படியே வரைந்தால் அது குறையா?

பதில்: பழகுவதற்கு என்றால் தாராளமாக வரையலாம். வெளியே காட்டும்போது எதைப் பார்த்து வரைந்தது என்று குறிப்பிடச் சொல்லுங்கள், போதும். ஆனால் பார்த்து வரைபவரிடம் ‘இது ஏன் இங்கே இருக்கிறது’ என்று கேட்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ கதைகளில் லாரியாக உருமாறும் ரோபோ ஆப்டிமஸ் பிரைம். 1984-இல் வந்த அதன் வடிவத்தின் மார்பில் இரண்டு ஜன்னல்கள் இருக்கும், லாரியாக இருக்கும்போது முன்கண்ணாடி அதுதான். இது தெரிந்தவர் அந்த ஜன்னல்களை வெறும் கட்டங்களாகப் போடமாட்டார், கண்ணாடியாகவே வரைவார், அடுத்து சக்கரங்கள் எங்கே போயின என்றும் தேடத் தொடங்குவார்.