ஜப்பானியப் பதிவுப் பக்கத்தில் விலகும் பயனர்கள்: பதில்

வணக்கம். உங்கள் கணக்குச் செயலியை ஜப்பானிய மொழியில் வெளியிட்டும் பலர் பதிவுப் பக்கத்திலேயே விலகிவிடுகிறார்கள், தலைமை அலுவலகமோ விளம்பரத்தைக் கூட்டச் சொல்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் குடும்பப் பெயர்தான் முன்னால் வரும். கான்ஜியில், அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்துகளில், எழுதிய பெயரை எப்படி உச்சரிப்பது என்று ஒலியைக் காட்டும் கானா எழுத்தில் எழுத இன்னொரு கட்டம் வேண்டும். முகவரி அஞ்சல் குறியீட்டில் தொடங்கும். இவை இல்லாத படிவம், மொழிபெயர்ப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்நியமாகத்தான் தெரியும்.

அறைகலன் விற்கும் ஸ்வீடன் நிறுவனமான ஐக்கியாவே (IKEA) 1974இல் ஜப்பானில் நுழைந்து 1986இல் வெளியேறியது. 2006இல் திரும்பி வந்தபோது, அங்குள்ள சிறிய வீடுகளுக்கு ஏற்ற அளவில் மாதிரி அறைகளை அமைத்தது.

ஒரு கட்டத்தைச் சேர்க்கக்கூட தலைமையின் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்கிறோம் என்றீர்களே, என்னைக் கேட்டால் சிக்கலின் வேர் அதுதான். படிவத்தை மாற்றும் உரிமையை ஜப்பானில் உள்ள குழுவுக்குக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் ஐந்து பேர் பதிவு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல் கவனியுங்கள். எந்தக் கட்டத்தில் விரல் தயங்கி நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி கிடைத்தால் அதைக் காணொளியாக எடுத்துத் தலைமைக்கு அனுப்புங்கள். நீளமான அறிக்கையைவிட அது சீக்கிரம் புரியவைக்கும்.