பதினாறு கோடி ரூபாய்க்கு உண்டியல்

கேள்வி: முதுகுத் தண்டுவட தசைநார் சிதைவு நோயுள்ள குழந்தைகளுக்கு மருந்து வாங்க ஊர்கூடி 16 கோடி ரூபாய் திரட்டிய செய்திகள் மனத்தை நெகிழச் செய்கின்றன. ஆனால், அரசு செய்யத் தவறியதை இந்த நெகிழ்ச்சி மூடி மறைக்கிறதோ என்ற ஐயமும் எழுகிறது. தங்கள் கருத்து என்ன?
– வாசகி ஒருவர், மணப்பாறை

பதில்: ஐயம் நியாயமானதே. 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை, சிகிச்சை இருந்தும் செலவு மிக அதிகம் என்று வகைப்படுத்திய மூன்றாம் பிரிவில் இந்நோயைச் சேர்த்தது. அப்பிரிவினருக்குத் தானே நிதி தர முன்வராமல், பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் வழியைக் காட்டி, அதற்கென ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அதாவது, உண்டியலே அரசின் கொள்கையாயிற்று. 2022-இல் எல்லாப் பிரிவுகளுக்கும் 50 லட்சம் ரூபாய் வரை உதவி என்றார்கள். 16 கோடியில் அது முப்பத்திரண்டில் ஒரு பங்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வரம்போ குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம்தான்.

ஸோல்ஜென்ஸ்மா என்ற அந்த மரபணு மருந்தைக் பொதுவாகக் குழந்தைக்கு இரண்டு வயது நிறைவதற்குள் செலுத்த வேண்டும். தனியார் பேருந்துக்காரர் ஒரு நாள் வசூலைத் தருகிறார், கல்லூரி மாணவர்கள் பேருந்து நிலையத்தில் உண்டியல் குலுக்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. ஆயினும், காணொளி எடுத்துப் பரப்ப ஆள் இல்லாத, நடிகரோ அமைச்சரோ கண்ணெடுத்துப் பார்க்காத வீட்டுக் குழந்தைக்குப் பாதித் தொகைகூடச் சேராதபோது அது செய்தியாவதில்லை. வென்ற கதைகளை மட்டுமே படிக்கும் நமக்கு, இந்த வழி எல்லோருக்கும் திறந்திருப்பது போன்ற மயக்கம் உண்டாகிறது.

இவ்வளவு விலையுள்ள மருந்தை எந்த அரசுதான் வாங்கித் தர முடியும் என்று கேட்பார்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2021-இல் இதே மருந்துக்கு அதன் தயாரிப்பாளரான நோவார்ட்டிஸ் நிறுவனத்துடன் பேசி, வெளியில் சொல்லப்படாத தள்ளுபடி விலையில் ஒப்பந்தம் செய்துகொண்டது. உண்டியலுடன் நிற்கும் தகப்பனால் பேரம் பேச முடியுமா?

இச்செய்திகளால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். இவை நாடெங்கும் பேசப்பட்ட அதே 2021-இல்தான், சொந்தப் பயன்பாட்டுக்கு இறக்குமதியாகும் இம்மருந்துக்கு ஜி.எஸ்.டி. மன்றம் வரிவிலக்கு அளித்தது. ஆகவே, இத்தகைய செய்திகளை நிறுத்தச் சொல்வதைவிட, திரண்ட தொகையை எழுதும் செய்தியாளர் அக்குடும்பம் அரசிடம் எப்போது விண்ணப்பித்தது, எவ்வளவு கிடைத்தது, கிடைக்காவிட்டால் என்ன காரணம் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வற்புறுத்துவதே பயன் தரும்.