இடது கண் நன்றாக இருக்கிறது, எதற்கு இரண்டு கண்ணாடி?

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. இரண்டு மாதம் முன்பு ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தேறிவிட்டது. ஆனால் தட்டில் இடப்பக்கம் வைத்த பொரியலைத் தொடுவதில்லை. இடது தோள் கதவில் இடிக்கிறது. ஆப்டிக்கல் கடையில் இடது கண்ணில் பவர் என்று இரண்டு முறை கண்ணாடி மாற்றினார்கள். இப்போது 40,000 ரூபாய் கட்டினால் 'மூளைப் பார்வைப் பயிற்சி' தருவதாகச் சொல்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உங்கள் மூக்கையே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய ஒரு கண்ணை மூடி, அவருக்கு இடப்பக்கத்தில் விரலை ஆட்டுங்கள். அப்புறம் மறு கண்ணை மூடி அதையே செய்யுங்கள். இரண்டு தடவையும் இடப்பக்கம் தெரியவில்லையா? அப்படியானால் கோளாறு பெரும்பாலும் கண்ணில் இல்லை, பின்மண்டையில் பார்வையைக் கவனிக்கும் மூளைப் பகுதியில்.

இரு கண்களும் காணும் காட்சியின் இடது பாதி முழுவதும் மூளையின் வலப்பக்கத்துக்குப் போகிறது. காட்சியில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை மூளைப் பரப்பிலும் பக்கத்திலேயே பதிகின்றன. 1982இல் மூளை ஆராய்ச்சியாளர் ராஜர் டூடெல் குழுவினர் மக்காக் குரங்குக்கு வட்டங்களும் ஆரங்களும் கொண்ட படத்தைக் காட்டினார்கள். அந்தக் கோடுகள் அதன் மூளைப் பரப்பிலேயே பதிந்திருந்தன. அதற்கும் முன்பு, ரஷ்ய-ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பட்ட வீரர்களை ஆராய்ந்து, எங்கே அடிபட்டால் எந்தப் பகுதி மறைகிறது என்று 1909இல் எழுதினார் ஜப்பானியக் கண் மருத்துவர் இனோயே. நூறு வருடத்துக்கு மேலாகியும் நம் ஊரில் லென்ஸைத்தான் மாற்றுகிறார்கள்!

எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூளைப் பரப்பில் இப்படிப் பதியும் வரைபடத்தில் நடுப்பார்வைக்கு ஏகப்பட்ட இடம்: மையத்திலிருந்து 10 டிகிரிக்குள் இருப்பதற்கே ஏறக்குறைய பாதி. அந்தப் பகுதி பின்மண்டையின் கடைக்கோடியில் இருக்கிறது. சிலருக்கு அங்கே இன்னொரு ரத்தக்குழாயிலிருந்தும் ரத்தம் வருவதால், ஸ்ட்ரோக்கில் சுற்றுப்பார்வை போனாலும் நடு தப்பிவிடும். அப்படிப்பட்டவர் கண் டாக்டரின் எழுத்துப் போர்டில் கடைசி வரி வரை படிப்பார், பேப்பர் படிப்பார். ஃபைலில் '6/6', அதாவது பார்வை சரி என்று எழுதிவிடுவார்கள். வீட்டில், "எல்லாம் தெரியுது, வேணும்னே இடிக்கிறார்" என்பார்கள். போர்டு சோதிப்பது நடுவை மட்டும்தான். ஓரத்துக்கு, சுற்றுப்பார்வை எதுவரை தெரிகிறது என்று அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் வேண்டும்.

அதை யார் எழுதிக் கொடுப்பது? கண் டாக்டர் நியூரோவுக்கு (மூளை நரம்பு டாக்டர்) அனுப்புவார், நியூரோ கண்ணுக்கே திருப்பி அனுப்புவார். நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "இரண்டு கண்ணுக்கும் ஃபீல்டு டெஸ்ட் எழுதிக் கொடுங்கள்."

போன பார்வை தானாகத் திரும்புவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில்தான். பயிற்சி நிலையங்கள் அந்த நேரத்தில் பணம் வாங்கி, குணப்படுத்திய பெயரையும் வாங்கிக்கொள்கின்றன. தலையை இடப்பக்கம் திருப்பித் தேடும் பழக்கத்தை ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்) கற்றால் போதும். பேப்பரின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக் கொடுங்கள், வரியின் தொடக்கம் கிடைக்கும்.

பைக் சாவியை இன்றே வாங்கி வையுங்கள். ஃபீல்டு டெஸ்டைப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும் வரை தனியாகத் தெருவைக்கூடக் கடக்க விட வேண்டாம்.