புளோரன்ஸில் திங்கட்கிழமைக்கு உஃபிசி டிக்கெட் காட்டவில்லை என்றால்

ஞாயிறு முதல் புதன் வரை அப்பாவுடன் இத்தாலியின் புளோரன்ஸில் இருப்போம், உஃபிசி கலை அருங்காட்சியகத்தின் முன்பதிவுத் தளத்தில் திங்கட்கிழமைக்கு டிக்கெட்டே காட்டவில்லை, கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். தளத்தில் கோளாறு இல்லை. உஃபிசிக்குத் திங்கட்கிழமை விடுமுறை, அதனால்தான் அன்றைக்கு நேரமே காட்டவில்லை. டேவிட் சிலை இருக்கும் அகாடெமியா அருங்காட்சியகமும் அன்று மூடல்தான். ஞாயிறு மதியம் இறங்கி புதன் காலை கிளம்புவதால், உஃபிசியைச் செவ்வாய் காலை 8.15-க்குப் போடுங்கள். கூட்டம் சேருவதற்குள் ஓவியர் போத்திசெல்லியின் படங்கள் இருக்கும் அறைகளை நிதானமாகப் பார்த்துவிடலாம்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: நீங்கள் இறங்கும் ஞாயிறு, மாதத்தின் முதல் ஞாயிறா? அன்று அரசு அருங்காட்சியகங்களில் இலவசம், உஃபிசிக்கு முன்பதிவும் கிடையாது. வரிசையைப் பார்த்தாலே களைத்துப்போவீர்கள். அப்படியானால் அன்று அந்தப் பக்கமே வேண்டாம்.

திங்களன்று அருகிலுள்ள லுக்கா நகருக்குப் போய் வாருங்கள். புளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா நிலையத்திலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். ஊரைச் சுற்றி 4 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகக் கோட்டை மதில். மேலே அகலமான பாதை, மர நிழல், ஏற்ற இறக்கமே இல்லை. முழங்கால் வலி உள்ள உங்கள் அப்பாவுக்கு இதைவிடச் சுகமான நடை கிடைக்காது. வாடகை சைக்கிளும் உண்டு.

புளோரன்ஸ் பேராலயக் குவிமாடம் ஏறுவது மட்டும் அவருக்கு வேண்டாம்: 463 படிகள், லிஃப்ட் கிடையாது, பாதையும் குறுகல். மாலையில் டாக்சியில் குன்றின் மேலுள்ள பியாட்சாலே மைக்கேலாஞ்சலோ சதுக்கத்துக்குப் போனால் ஊர் முழுக்கத் தெரியும், அந்தக் குவிமாடமும் சேர்த்து.

பண்டிகை வாரங்களில் சில திங்கட்கிழமைகள் விதிவிலக்காகத் திறப்பதுண்டு. பணம் கட்டுமுன் உஃபிசியின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்தத் தேதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.