டயாலிசிஸ் யூனிட்டில் வகுப்பு நடத்த நேரமே இல்லை, என்ன செய்வது?

கேள்வி: எட்டு மெஷின், மூன்று ஷிஃப்ட் ஓடும் யூனிட்டில் இன்சார்ஜ் நர்ஸாக இருக்கிறேன். மாதம் ஒரு வகுப்பு வைத்தால் பாதிப் பேர் வருவதில்லை, வந்தவர்களும் தூங்கிவிடுகிறார்கள். பயிற்சியை எப்படி நடத்துவது?

பதில்: சிஸ்டர், தூங்குகிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். விடியற்காலை ஷிஃப்ட் முடித்தவரை உட்கார வைத்து ஸ்லைடு போட்டால் யாருக்கும் கண் சொருகும். மாத வகுப்பை விட்டுவிடுங்கள். வாரம் இரண்டு நாள், ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிடம், ஒரே ஒரு விஷயம், அதையும் நீங்கள் சொல்லாமல் அவர்களையே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

முதலில் தண்ணீர். நிமிடத்துக்கு 500 மி.லி. கணக்கில் 4 மணி நேரத்தில் ஒரு நோயாளிக்காக மெஷின் வழியே 120 லிட்டர் போகிறது, அதற்கும் அவர் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வுதான். ஆர்.ஓ. இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள், ஆனால் கிருமியைக் கொல்லத் தண்ணீரில் சேர்க்கும் குளோரமைனை நிறுத்துவது, ஆர்.ஓ.வுக்கு முன்னால் கரி நிரப்பி வைத்திருக்கும் கார்பன் டேங்க். அந்தக் கரி வலுவிழந்தால் குளோரமைன் ரத்தத்துக்குள் போய்ச் சிவப்பணுக்கள் உடையும். முதல் கார்பன் டேங்குக்குப் பிறகு தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் முன் மொத்தக் குளோரின் பார்க்க வேண்டும், லிட்டருக்கு 0.1 மி.கி.யைத் தாண்டினால் யாரையும் மெஷினில் போடக்கூடாது. குளோரின் பார்க்கும் டெஸ்ட் ஸ்ட்ரிப்பின் நிறத்தை எல்லோருக்கும் சரியாகப் பிரித்துப் பார்க்க வருகிறதா என்றும் சோதியுங்கள், நிறக்குருடு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில் பாசி நஞ்சு கலந்த தண்ணீரால் 50க்கும் மேற்பட்ட டயாலிசிஸ் நோயாளிகள் இறந்ததையும் சொல்லுங்கள். தண்ணீர் பதிவேட்டில் பார்க்காமலே டிக் போடும் கை அதன்பிறகு கொஞ்சம் தயங்கும்.

அப்புறம் வீனஸ் ஊசி, அதாவது சுத்தமான ரத்தத்தை உடம்புக்குத் திருப்பி அனுப்பும் ஊசி. அது நழுவினால் அலாரம் அடிக்கும் என்று நம்புகிறார்கள், சில நேரம் அடிக்காது. பம்ப் நிமிடத்துக்கு 300 மி.லி. வேகத்தில் ஓடினால் ஐந்தே நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் ரத்தம் போர்வைக்குள் போய்விடும். குளிர்கிறது என்று நோயாளி கேட்டால் உடம்பை மூடுங்கள், ஊசி போட்டிருக்கும் ஃபிஸ்டுலா கையை மட்டும் மூட விடாதீர்கள். ஒரு டம்மி கையில் டேப் ஒட்டச் சொல்லி, ட்யூபை நீங்களே இழுத்துப் பாருங்கள், பேசிப் புரியவைக்க முடியாதது அதில் புரிந்துவிடும்.

கதீட்டர் ஹப்பை (கதீட்டர் குழாயில் ட்யூபை இணைக்கும் முனையை) துடைப்பது, கைகழுவுவது இவற்றுக்குத் தனிப் பாடம் வேண்டாம், பக்கத்தில் நின்று கவனித்து அங்கேயே திருத்தினால் போதும், நோயாளி முன்னால் மட்டும் திட்டாதீர்கள். ஏதாவது தவறு நூலிழையில் தப்பினால் அடுத்த நாள் பேச்சு அதுதான், யார் செய்தது என்ற பெயர் வரக்கூடாது, வந்தால் அடுத்த தவறை உங்களிடம் யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆர்.ஓ. அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனையும் கூப்பிடுங்கள், பயிற்சி என்றால் எல்லோரும் அவரைத்தான் மறந்துவிடுகிறார்கள்.